ஈறு கட்டிய பேனல்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் பாப்பாவும் நலம்தானே? வழக்கமாக இந்த இரண்டு வரிக்குப் பிறகு என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பேன். இன்று நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாளாக வீட்டில் கரண்ட் இல்லை. தெரு முழுக்க எரிகிறது, நம் வீடு மட்டும் இருட்டு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். கம்பத்தில் ஏறி ஒயரைக் கழற்றினார்கள். அதை வளையமாகச் சுற்றி நம் மாடியில் நிற்கிற இரும்புக் குழாயில் தொங்கவிட்டார்கள். மீட்டரையும் பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள். "பில்லெல்லாம் ஒழுங்காக் கட்டியிருக்கேனேப்பா" என்றேன். "எங்களுக்கு வந்த ஆர்டர்மா, ஆபீஸ்ல கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆபீசில் நான் போய் என்ன கேட்பது? வீடு உன் பெயரில், மீட்டர் உன் பெயரில், பெருக்கித் துடைப்பது மட்டும்தான் என் பெயரில். உன்னைக் கேட்காமல் ஏதாவது உளறிவைத்து காரியம் கெட்டுவிடக்கூடாது என்று பேசாமல் இருக்கிறேன்.

என் வேலை அப்படியே நிற்கிறது. பல் டாக்டர் கொடுத்த நான்கு செட் பாதியில் கிடக்கின்றன. தேய்க்கிற மோட்டார் ஓடாமல் பல்செட்டை எப்படி முடிப்பது? ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் தினமும் வாசலில் வந்து நின்று, "பல்லு ஆச்சாம்மா" என்று பல்லில்லாத வாயால் கேட்கிறார். பாவமாகவும் இருக்கிறது, சிரிப்பும் வருகிறது.

போன் செத்துக் கிடக்கிறது. உயிரோடு இருந்தாலும் உன் தொழிற்சாலை மிஷின் சத்தத்தில் 'ம்', 'சரி', 'அப்புறம் கூப்பிடறேன்' என்ற மூன்றுக்கு மேல் நீ பேசியதில்லை. அதனால் இந்தக் கடிதம். நாலு வருடம் கழித்து ஜனவரியில் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாயே, அந்தச் சந்தோஷத்துக்கு யாரோ கண் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

உடனே பதில் போடு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

என்ன அநியாயம் இது! படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இங்கிருந்தே விசாரித்தேன். பழைய ஒயரிங் உள்ள வீடுகளில் பாதுகாப்புக்காக இணைப்பை எடுக்கிறார்களாம். நான் மனு போட்டிருக்கிறேன். மாதக்கணக்கில் ஆகலாம் என்கிறார்கள்.

நீ தயவுசெய்து அந்த ஆபீசுக்குப் போகாதே. உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். வெயிலில் நிற்கவைத்து அனுப்புவார்கள். அதற்குப் பதில் நீ இங்கே வந்துவிடேன். பாப்பா அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது. வேலையை அந்த டாக்டர் வேறு யாரிடமாவது கொடுத்துக்கொள்வார். எத்தனை நாளைக்குத் தனியாகவே இருப்பாய்?

யோசித்து எழுது.

உன்
தம்பி


பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

யோசித்தேன். வரமாட்டேன். முதல் வாரம் விருந்தாளி, இரண்டாம் வாரம் சொந்தக்காரி, மூன்றாம் வாரம் பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற ஆயா. எனக்குத் தெரியாதா? உன் வீட்டுக்காரியைக் குறை சொல்லவில்லை, நல்ல பெண். ஆனால் முப்பது வருடமாக ஊரார் வாயில் என் கைவேலை இருக்கிறது. அதை விட்டுவிட்டு வந்து உன் பால்கனியில் உட்கார முடியாது.

வேறொன்று கேட்கிறேன். டாக்டர் கிளினிக் மாடியில் சோலார் பேனல் வைத்திருக்கிறார். விலை கேட்டேன், அந்தப் பக்கமே இனி போகமாட்டேன். ஆனால் மேலே ஏறி உற்றுப் பார்த்தேன். கண்ணாடிக்கு அடியில் கட்டம் கட்டமாக ஏதோ ஒட்டி, ஒன்றோடு ஒன்றைப் பற்றவைத்திருக்கிறார்கள். அவ்வளவுதானே? பல் வரிசை கட்டுகிறவளுக்கு அது ஒரு வேலையா?

நீ பெரிய தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். எனக்கு எப்படிச் செய்வதென்று எழுது. படம் போட்டு எழுது. புரியாவிட்டால் திட்டி எழுதுவேன், மறுபடி எழுது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நீ என்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

முதலில் ஒரு பட்டியல் போடு. எதெதற்குக் கரண்ட் வேண்டும், ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் ஓடும் என்று. ஆசைப்பட்டதை எல்லாம் எழுதாதே. ஃபிரிட்ஜ், மிக்சி, இஸ்திரிப் பெட்டி மூன்றையும் மறந்துவிடு. நாம் செய்யப்போவது அறுபது வாட் பேனல். நல்ல வெயில் நாளில் உனக்குக் கிடைப்பது இரண்டு எல்.இ.டி. விளக்கு, ஒரு சின்ன ஃபேன், உன் மோட்டார் இரண்டு மணி நேரம். உன் மோட்டாரும் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுகிறதாக மாற்றவேண்டும், அதை நான் அனுப்புகிறேன்.

நீ பார்த்த கட்டத்துக்குத்தான் செல் என்று பெயர், ஒரு செல் அரை வோல்ட் கொடுக்கும். முப்பத்தாறு செல்லை ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்த்தால் பதினெட்டு. அதுதான் பேட்டரியை நிரப்பும். நாற்பது செல்லும், பற்றவைக்கிற தகட்டு ஒயரும், வோல்ட் பார்க்கிற மீட்டரும், சால்டரிங் அயர்னும் பார்சலில் வருகின்றன. செல் முட்டை ஓட்டை விட மெலிசு, பார்த்துப் பிரி.

உன்
தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

பார்சல் வந்தது. நாற்பதில் பதினொன்று உடைந்து வந்தது. தபால்காரரைப் பிடித்துக் கேள்வி கேட்டேன், அவர் முகம் வெளிறிப் போய்விட்டது. மீதி இருபத்தொன்பதை இனாமல் தட்டில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். கருநீலம். என்ன அழகு!

ஒரு சந்தேகம். சால்டரிங் அயர்னை எதில் சொருகுவது? உன் அக்கா வீட்டில் கரண்ட் இல்லாததால்தான் இந்தக் கூத்தே நடக்கிறது. இருபது வருட எலெக்ட்ரீஷியன், கரண்ட் இல்லாத வீட்டுக்குக் கரண்டில் ஓடுகிற சாமானை அனுப்பியிருக்கிறாய். இதை உன் தொழிற்சாலையில் சொல்லிவிடாதே, வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள்.

கவலைப்படாதே. மெழுகு இளக்குகிற ஸ்பிரிட் விளக்கு என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு தாமிரக் கம்பி முனையைச் சூடாக்கிப் பற்றவைத்துப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டது. எட்டு செல் கோர்த்து மாடியில் வெயிலில் பிடித்தேன். மீட்டரில் நாலரை காட்டியது. நீ சொன்ன கணக்குக்கு மேலேயே இருக்கிறது!

இன்னும் செல் அனுப்பு. இந்தத் தடவையாவது பஞ்சு வைத்துக் கட்டு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சால்டரிங் அயர்ன் விஷயத்தைப் படித்துவிட்டு சாப்பாட்டு இடைவேளையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கூட இருப்பவர்கள் எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை.

பன்னிரண்டு செல் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பஞ்சில் வைத்து அட்டைக்கு நடுவில் கட்டியிருக்கிறேன். ஒன்றுகூட உடையாது.

அடுத்த வேலை கண்ணாடி. பின்னறை ஜன்னலில் இருப்பது நல்ல தடிமன், அதைக் கழற்றிக்கொள். ஒவ்வொரு செல்லின் மேல்பக்கத் தகடும் அடுத்த செல்லின் அடிப்பக்கம் போகவேண்டும். மாற்றிவிட்டால் ஒன்று கொடுப்பதை மற்றொன்று தின்றுவிடும். மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் ஓரத்தை அடைக்கவேண்டும். பிளஸ் பக்கத்திலிருந்து வெளியேறுகிற ஒயரில் டயோடு என்ற சின்ன உருளையை வை. வெள்ளைக் கோடு பேட்டரிப் பக்கம். அது இல்லாவிட்டால் பொழுது சாய்ந்ததும் பேட்டரியில் சேர்ந்தது பேனல் வழியாகத் திரும்பி ஓடிவிடும்.

ஆறு பக்கம் படம் வரைந்திருக்கிறேன். பாப்பா, "அத்தைக்கு ஹோம்வொர்க்கா அப்பா?" என்கிறாள். இவ்வளவு நீளமாக நான் யாருக்கும் எழுதியதில்லை.

உன்
தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

இருபது புள்ளி ஆறு!

மீட்டரை மூன்று தடவை தட்டிப் பார்த்தேன். இருபது புள்ளி ஆறேதான். மாடியில் நின்று கத்தினேன். எதிர்வீட்டு டிரைவர், பாம்பு ஏதும் வந்துவிட்டதோ என்று கம்போடு ஓடிவந்தார்.

முப்பத்தாறில் ஒன்றுகூடப் பழுதில்லை. ஓரம் அடைக்கிற பசை கடையில் தீர்ந்துவிட்டது, அதனால் என்னிடம் இருந்ததை வைத்து அடைத்தேன். என்னிடம் என்ன இருக்கும்? பல்செட்டுக்கு ஈறு செய்கிற அக்ரிலிக். ஆகவே உன் பேனல் நாலு பக்கமும் இளஞ்சிவப்பு ஈறோடு மாடியில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, "பிரஷ் பண்ணிவிடுங்க" என்றார்.

பேட்டரி வாங்கினேன். பேட்டரி அளவுக்கு மேல் நிரம்பாமல் காக்க நீ அனுப்பிய கன்ட்ரோலர் பெட்டியில், நீ சொன்னபடி முதலில் பேட்டரி, பிறகு பேனல். பச்சை விளக்கு கண் சிமிட்டியது. மறுநாள் விளக்கைப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து என் கை எனக்கே வெளிச்சத்தில் தெரிந்தது. ஹெட்மாஸ்டர் பல்லைத் தேய்த்து முடித்துவிட்டேன். மாட்டிக்கொண்டு முதல் வேலையாகத் தெருவில் ஒருவரைத் திட்டினார்.

ஒன்று சொல்லவேண்டும், சிரிக்காதே. விளக்கை விட எனக்குப் பெரிய சந்தோஷம் உன் கடிதங்கள். கல்யாணமாகிப் போன பிறகு நீ எனக்கு யாரோவாகிவிட்டாய் என்று நினைத்திருந்தேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது வாரம் ஒன்று வருகிறது. கரண்ட் போனதே நல்லதாயிற்று.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இருபது புள்ளி ஆறு என்பதை இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். எங்கள் இன்ஜினியரே நம்பவில்லை.

செய்வது பாதிதான், நடத்துவதுதான் மீதி. காலையில் பேட்டரி வோல்ட்டைப் பார்த்துவிட்டு அன்றைய வேலையைத் தீர்மானி. பன்னிரண்டரைக்கு மேல் இருந்தால் ராஜ வாழ்க்கை. பன்னிரண்டு என்றால் ஃபேன் அல்லது மோட்டார், இரண்டில் ஒன்றுதான். அதற்கும் கீழே போனால் விளக்கு மட்டும். பதினொன்று புள்ளி எட்டுக்குக் கீழே ஒரு நாளும் விடாதே, பேட்டரி செத்துவிடும். மோட்டார் வேலையைப் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் முடி. அப்போது நேராகச் சூரியனே ஓட்டும், பேட்டரியைத் தொடவேண்டாம்.

மழைக்காலத்தில் இதை நம்பி இருக்க முடியாது அக்கா. அதற்குள் இங்கே வந்துவிடுவதைப் பற்றி யோசி. மனு இன்னும் மேசையிலேயே கிடக்கிறதாம்.

உன்
தம்பி


ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். வேலை மும்முரம், அதனால்தான் பத்து நாள் தாமதம். நீ எழுதிய பதினெட்டுக் கடிதத்தையும் படத்தையும் அட்டை போட்டு வைத்திருக்கிறேன். டாக்டர் என்னை 'பவர் ஹவுஸ்' என்று கூப்பிடுகிறார். மேகம் வந்தால் பட்டினி, வெயில் வந்தால் விருந்து என்று பேட்டரியோடு சேர்ந்து நானும் பழகிவிட்டேன்.

ஒரு குறை. ஒரு வாரமாக மூன்று மணிக்கு மேல் பேனலிலிருந்து வருகிற ஆம்ப் படுத்துவிடுகிறது. இரண்டரை இருந்தது, சட்டென்று அரைக்கு இறங்குகிறது. வானத்தில் மேகமே இல்லை. நாலரைக்கு மறுபடி கொஞ்சம் ஏறுகிறது. செல் ஏதாவது போய்விட்டதா? உடனே எழுது.

அன்புடன்,
அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

செல் போகவில்லை, பயப்படாதே. நிழல் விழுகிறது. ஒரே வரிசையில் கோர்த்திருப்பதால் ஒரு செல் நிழலில் மாட்டினாலும் எல்லாமே அதன் அளவுக்கு இறங்கிவிடும். ஏப்ரலில் இல்லாத நிழல் இப்போது வருகிறதென்றால் சூரியன் தடம் மாறியிருக்கிறது. மூன்று மணிக்கு மாடிக்குப் போய்ப் பார். எந்தப் பொருளின் நிழலோ அதை அகற்றிவிட்டால் போதும்.

உன்
தம்பி


ஜூலை 21

தம்பி,

நிழலைக் கண்டுபிடித்துவிட்டேன். பிப்ரவரியில் கழற்றி இரும்புக் குழாயில் தொங்கவிட்டார்களே, அந்த ஒயர் வளையம்.

நேற்று லைன்மேன் எதிர்வீட்டில் ஏதோ வேலையாக வந்திருந்தார். அன்றைக்கு வந்த அதே ஆள். கூப்பிட்டு, "ஏம்ப்பா, இந்த ஒயரை எடுத்துட்டுப் போயிடேன், என் பேனல்ல நிழல் விழுது" என்றேன்.

"எடுத்துடலாம்மா. இனிமே உங்களுக்கு எதுக்கு? கனெக்ஷனே வேணாம்னு எழுதிக் குடுத்தாச்சு."

"யாரு எழுதிக் குடுத்தா? அது ஒயரிங் பழசுன்னு நீங்க எடுத்தது."

"அப்படியெல்லாம் எடுக்கமாட்டோம்மா. ஓனரே நேர்ல வந்து எழுதிக் குடுத்தார். இல்லைன்னா நாங்க ஏன் கை வைக்கிறோம்?"

அவரைத் திட்டினேன் தம்பி. என் தம்பியைப் பற்றி அப்படிப் பேசாதே என்று நடுத்தெருவில் நின்று திட்டினேன். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு, போகவே கூடாது என்று நீ ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆபீசுக்குப் போனேன். என்னை யாரும் வெயிலில் நிற்கவைக்கவில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். கிளார்க் அம்மா கோப்பை எடுத்து என் முன்னால் விரித்தார்.

உன் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? ஐந்து மாதமாக அதைத்தானே படித்துக்கொண்டிருக்கிறேன். தேதி ஜனவரி 22. நீ நம் வீட்டில் இருந்த இரண்டாவது நாள். பழைய சிநேகிதனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலையில் கிளம்பிப் போனாய். வந்து சாப்பிட்டாய். நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

அந்தக் காகிதத்தில் மூன்றே வரி. இணைப்பை நிரந்தரமாகத் துண்டிக்கவும் என்று ஒன்று. மீட்டரை எடுத்துக்கொள்ளவும் என்று ஒன்று. மூன்றாவது வரி, 'இந்த வீட்டில் தற்போது யாரும் குடியிருக்கவில்லை.'

கிளார்க் அம்மா என்னைப் பார்த்து, "நீங்க யாரு, பக்கத்து வீடா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இது பொய் என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

அக்கா


ஜூலை 29

அக்கா,

பொய் இல்லை.

பக்கத்து வீட்டை வாங்கிய ஒர்க்‌ஷாப்காரர் நம் வீட்டையும் கேட்டார். காலி வீடாக இருந்தால்தான் வேண்டும் என்றார். இங்கே சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஆனால் அப்பா கடைசியாக, "அக்கா இருக்கிறவரைக்கும் அது அவ வீடு" என்று சொன்னபோது நான் தலையை ஆட்டியிருக்கிறேன். உன்னிடம் சொல்லத்தான் ஜனவரியில் வந்தேன். நீ என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட வேகத்தில் வாய் வரவில்லை. கரண்ட் இல்லாவிட்டால் பத்து நாளில் நீயே சலித்துப்போய் இங்கே வந்துவிடுவாய், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கோழைத்தனம்தான்.

பேனல் செய்யக் கற்றுக்கொடு என்று நீ எழுதுவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. முடியாது என்றால் சந்தேகம் வரும். முதல் பார்சலில் செல்களை வேண்டுமென்றேதான் பஞ்சு இல்லாமல் கட்டினேன். உடைந்து வந்தால் விட்டுவிடுவாய் என்று. நீ தபால்காரரைத் திட்டினாய். இருபத்தொன்பது போதாமல் இன்னும் அனுப்பு என்றாய். ஸ்பிரிட் விளக்கில் பற்றவைத்தேன் என்று எழுதினாய். அதற்கு மேல் உன்னைத் தடுக்க என்னால் முடியாமல் போயிற்று அக்கா. இரண்டாவது பார்சலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கட்டினேன். சால்டரிங் அயர்ன் மட்டும் சத்தியமாக என் முட்டாள்தனம்.

பேனலைப் பற்றி நான் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது.

மன்னித்துவிடு என்று கேட்கிற தகுதி இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 5

தம்பி,

வீடு வேண்டும் என்று நேராகக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் தெரியுமா? பத்து நாள் மூக்கைச் சிந்தியிருப்பேன். நாலு நாள் உன்னோடு பேசியிருக்கமாட்டேன். அப்புறம் சாவியைக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் உன் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பேன். அவ்வளவுதான். கட்டடம்தானே. முப்பது வருடம் பக்கத்தில் இருந்து வளர்ந்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லையா?

ஒயரை அறுத்ததுகூட எனக்குப் பெரிதில்லை. அறுத்துவிட்டு, 'என்ன அநியாயம் இது' என்று எழுதினாயே. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்றாயே. அந்தக் கைதானே எழுதிக் கொடுத்தது! மனு மேசையில் கிடக்கிறது என்றாய். இல்லாத மனுவுக்கு ஆறு மாதம் மேசை போட்டுவைத்திருக்கிறாய்.

ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி, தபால்காரர் வருகிற நேரம் பார்த்துக் கையைக் கழுவிக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறாள். தம்பி கடிதம், தம்பி கடிதம் என்று ஹெட்மாஸ்டரிடம் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அந்த மனுஷன் புதுப்பல் வெளியே தெரிய ரசித்துக் கேட்பார். இப்போது அந்தக் கடிதங்களை எடுத்தால் எந்த வரியை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. 'இங்கே வந்துவிடு' என்று திரும்பத் திரும்ப இருக்கிறது. அன்பு என்று நினைத்துப் படித்தேன். காலி செய் என்று அர்த்தம்.

பேனலைப் பற்றி எழுதியதில் பொய் இல்லை என்கிறாய். அதுதான் என்னைக் கொல்கிறது. எல்லாமே பொய்யாக இருந்திருந்தால் ஒரேயடியாகத் தூக்கிப் போட்டிருப்பேன்.

நீ என்னை ஏமாற்றிவிட்டாய். உன்னிடம் ஏமாந்தேன் என்று வெளியே யாரிடம் போய்ச் சொல்வேன்? எல்லோரிடமும் உன்னைப் பற்றிப் பெருமையல்லவா பேசிவைத்திருக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டியதெல்லாம் சரி. இன்னும் திட்டு.

ஒர்க்‌ஷாப்காரரிடம் வீடு விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். இணைப்புக்கு இந்தத் தடவை உண்மையாகவே மனு போட்டு, லீவு எடுத்து அந்த ஆபீசுக்கே வந்து கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை வருவார்கள். நம் தெரு முனை வரைக்கும் வந்தேன். மாடியில் பேனல் தெரிந்தது, இளஞ்சிவப்பு ஓரம்கூடத் தெரிந்தது. வீட்டுக்குள் வரத் துணிச்சல் வரவில்லை, அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

நீ அங்கேயே இரு. உன் காலம் வரைக்கும் அது உன் வீடு, எழுதியே கொடுக்கிறேன். எனக்கு வேறொன்றும் வேண்டாம், பழையபடி எழுது. பேட்டரி எவ்வளவு காட்டுகிறது, ஹெட்மாஸ்டர் யாரைத் திட்டினார், எதையாவது எழுது. பாப்பா தினமும், "அத்தைகிட்டேருந்து லெட்டர் வரலையா அப்பா?" என்கிறாள். ஆரம்பத்தில் உன்னை ஏமாற்றத்தான் எழுதினேன். ஏப்ரலுக்குப் பிறகு நான் எழுதியது எல்லாம், எழுதாமல் இருக்க முடியாததால் எழுதியது. இதை நீ நம்பமாட்டாய் என்றும் தெரிகிறது.

மழை வரப்போகிறது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினாயா?

உன்
தம்பி


செப்டம்பர் 2

உயர்திரு வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

தாங்கள் ஏற்பாடு செய்தபடி ஊழியர்கள் திங்கட்கிழமை வந்து இணைப்புக் கொடுத்தார்கள். மீட்டர் ஓடுகிறதா என்று பார்க்கக் கூடத்து விளக்கை ஒரு தடவை போட்டேன். எரிந்தது. அணைத்துவிட்டேன்.

நேற்று முன்தினம் வீட்டைக் காலி செய்துவிட்டேன். சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுக்க நேரமில்லை, மன்னிக்கவும். சமையலறைக் குழாய் லேசாகச் சொட்டுகிறது. பின்னறை ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, அட்டை வைத்து மறைத்திருக்கிறேன். வாடகைக்கு ஓர் இடம் பார்த்துக்கொண்டேன். அங்கே கரண்ட் இணைப்பு என் பெயரில் இருக்கிறது. ஆபீசில் அந்தக் கிளார்க் அம்மாதான் படிவம் நிரப்ப உதவினார். அப்போது அவரிடம் நான் பக்கத்து வீடு இல்லை என்று சொன்னேன்.

சோலார் பேனலை மாடியிலேயே விட்டுவிட்டேன். என் கையால் செய்ததுதான், எடுத்துப்போகலாம் என்றுதான் முதலில் கழற்றினேன். பார்க்கும்போதெல்லாம் ஒருவருடைய குரல் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு சாமானோடு என்னால் குடியிருக்க முடியாது. திரும்ப மாட்டி வைத்தேன். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் பேட்டரியும் பேனலும் கன்ட்ரோலரிலேயே இருக்கட்டும். கழற்றுவதானால் பேனலை முதலில் கழற்றவும், பேட்டரியைக் கடைசியில். கண்ணாடியை மாதம் ஒரு முறை துடைத்தால் போதும்.

தாங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் சமையலறை அலமாரியில் அட்டையோடு இருக்கின்றன. பேனலைப் பராமரிக்கப் போகிறவருக்கு அவை பயன்படும் என்பதால் அவற்றையும் வீட்டோடு சேர்ந்தவை என்றே கருதுகிறேன்.

கோபத்தில் எழுதுவதாக எண்ணவேண்டாம். கோபம் போன கடிதத்தோடு தீர்ந்துவிட்டது. தாங்கள் வீட்டை விற்கவில்லை என்று தெரிந்தபோது இருந்துவிடலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். தபால்காரர் தெருவில் திரும்பும்போதெல்லாம் இந்தக் கால் தானாக வாசலுக்கு ஓடியது. அங்கேயே இருந்தால் அது நிற்காது.

சாவியை இந்தப் பதிவுத் தபாலிலேயே வைத்திருக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு ரசீது வேண்டியதில்லை. என் புது விலாசத்தை இதில் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம்.

இப்படிக்கு,
வீட்டைக் காலி செய்தவள்